பிள்ளைகளுக்குப் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மதிப்புரை எழுதுவது?

ஜூலை 14, பெருந்துறையிலிருந்து வந்த கேள்வி

“அக்கா, அடுத்த மாசம் ஈரோட்டுல புத்தகத் திருவிழா. வருசா வருசம் பை நிறைய வாங்கிட்டு வர்றனுங்க. மகள் ரெண்டாவது, மகன் ஆறாவது. ரெண்டு பேரும் தொடறதே இல்லை. அட்டை நல்லாத்தான் இருக்குது, கடைக்காரரும் நல்ல நீதிக்கதைங்கன்னுதான் சொல்றாரு. வீட்டுக்கு வந்தா பீரோ மேல போயிருது. நல்ல புத்தகம்னு எதை வெச்சுங்க முடிவு பண்றது?”

ஜூலை 14, இரவு

தம்பி, அட்டையை விடுங்கள். கடையில் நின்றபடியே நடுவில் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாக எழுதிவிடுகிறார்கள். நடுப்பக்கத்தில்தான் சரக்கு தெரியும். எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே வாக்கியத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். பெரியவருக்கே நாக்குத் தடுக்கினால் ரெண்டாவது படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

சென்னிமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை பொழுதோட தெருப் பிள்ளைகள் கூடுவார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் படித்துக் காட்ட வேண்டும். சின்ன வாக்கியம், நடுநடுவே பேச்சு, திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி, இவை இருந்தால் பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்துவிடுவார்கள். அந்த வரி அடுத்த முறை வரும்போது நான் வாயைத் திறக்கும் முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படி வாயில் ஒட்டுகிற வரி ஒன்று கதையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் வாங்கிவிடலாம்.

ஜூலை 15

ஒரு நூறு ரூபாய்க்குப் பத்துப் புத்தகம் என்று பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவைத்த கட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். உறையைப் பிரித்துப் பார்க்க விடவில்லை என்றால் வாங்க வேண்டாம். பிரித்தால் முதலில் உள்பக்கத்தில் பெயர்களைத் தேடுங்கள். எழுதியவர் யார், படம் போட்டவர் யார், மொழிபெயர்ப்பென்றால் எந்த மொழியிலிருந்து, யார் செய்தது, எந்த ஆண்டுப் பதிப்பு. படம் போட்டவரின் பெயரே இல்லாத படப்புத்தகத்தை நான் திரும்ப வைத்துவிடுவேன். சிறு பிள்ளைக்குப் பாதிக் கதையைப் படம்தான் சொல்கிறது. அதைச் சொன்னவருக்குப் பெயர்கூடப் போடாதவர்கள் எழுத்துப்பிழை பார்த்திருப்பார்கள் என்று எதை நம்புவது?

ஜூலை 15, மறுபடியும்

படம் என்றதும் ஞாபகம் வந்தது. ஆட்டைப் பற்றிய ஒரு படப்புத்தகம். கதையில் வெள்ளாடு, படத்தில் சுருள் சுருளாகக் கம்பளி போர்த்தியது. மூன்றாவது படிக்கிற பெண் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது செம்மறிங்க அத்தை. வெள்ளாட்டுக்கு வால் மேல நிக்கும், இதுக்குத் தொங்குது பாருங்க” என்றாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் யோசித்து, “செம்மறிக்கும் இத்தனை முடி இருக்காதே” என்றாள். அவள் வீட்டில் இருப்பது மேச்சேரி ஆடு, அதற்குக் கம்பளி கிடையாது. நம் பக்கம் குறும்பாட்டுக்குக் கம்பளி உண்டு, ஆனால் அவள் அதைப் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தை அவள் அதோடு நம்பவில்லை. கதை போகிற போக்கில் போய்விட்டது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். இன்னொரு புத்தகத்தில் சாம்பல் வெள்ளை நிறத்து மயிலைப் பசுவுக்குப் பக்கத்தில் செந்நிறச் செவலைக் கன்று நின்றது. நிறம் மாறிப்போச்சு என்று ஒரு பையன் சொல்ல, காங்கேயம் மாடு கட்டியிருக்கிற வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று, கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் வாக்கில்தான் நிறம் திரும்பும் என்று எல்லோருக்கும் விளக்கினான். வாசிக்கத் திணறுகிற பையன் அவன். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான்.

பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று புத்தகத்தில் சரியாக வந்திருந்தால், தெரியாததையும் அது நம்பிக் கேட்கும். அதனால் உங்களுக்குக் கைவசமான ஒன்றைப் படத்தில் தேடிப் பாருங்கள். தறியோ, மஞ்சள் காடோ, பனியன் கம்பெனியோ, ஏதோ ஒன்று.

ஜூலை 17

நீதி வேண்டாம் என்கிறீர்களா என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கதையைப் படியுங்கள். மூடியபிறகும் கதை நிற்கிறதா? நின்றால் அந்த வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நிற்கவில்லை என்றால் அந்த வரிக்காகவே முடைந்த கதை அது, பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், சொன்ன கதைகளில் நீதி இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் அமுச்சி கதையை முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. நரி ஏமாந்த இடத்தில் அவரே முதலில் சிரித்துவிடுவார்.

ஜூலை 18

ஆறாவது படிக்கிற மகனைப் பற்றி நேற்று எழுத வேண்டியது. வகுப்பைப் பார்த்து வாங்காதீர்கள், வாசிப்பைப் பார்த்து வாங்குங்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காகக் கொடுத்திருக்கும் மெல்லிய புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பு எண் போடாமல் இப்படிப் பிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆறாவது பையன் ‘நட’ எடுத்தால் யாரும் அவனைச் சின்னப் பிள்ளை புத்தகம் படிக்கிறான் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கான புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் நான்கு நிலை உண்டு. முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதற்கு மேல் நான்காவது. எல்லாம் இலவசம், இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் மகனுடைய நிலை எது என்று கண்டுபிடிக்க நல்ல வழி இது: இரண்டாம் நிலைக் கதை ஒன்றை அச்செடுத்துக் கொடுத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள். திருத்த வேண்டாம். ஒரு பக்கத்தில் ஐந்து இடத்துக்கு மேல் நின்றால் ஒரு படி இறங்குங்கள்.

ஆனால் சொல் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகும். ‘ஓடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ கணக்குக்கு ஒரே சொல், எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு அது ஒரு வரி. பக்கத்தில் இப்படி நீண்ட சொற்கள் எத்தனை, அவை வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகின்றனவா என்று பாருங்கள். சிறு பிள்ளைப் புத்தகத்தில் சொல் பாதியில் உடையவே கூடாது.

ஜூலை 18, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று. வாசிப்பு மெதுவாக இருக்கிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அறிவு மெதுவாக இல்லை. அவனுக்கு முயலும் ஆமையும் கொடுத்தால் அவமானப்படுவான். எளிய வாக்கியத்தில் வயதுக்கேற்ற விஷயம் சொல்கிற புத்தகம் வேண்டும்: துப்பறிவது, பாம்பு, விண்வெளி, விளையாட்டு வீரர் வாழ்க்கை. படக்கதையும் சரிதான். முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது. எங்கள் அண்ணன்மார் அதைப் படித்துத்தான் நாவலுக்குப் போனார்கள். காமிக்ஸ் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடர்வது லேசான வேலை இல்லை.

ஜூலை 20

அப்பா நாளிதழ் படிக்கிறார், அம்மா சமைக்கிறார். இந்தப் படத்தை எத்தனை புத்தகத்தில்தான் போடுவார்கள்? திண்ணையில் ஒரு பெண் இதைப் பார்த்து, “இந்தம்மா தறிக்குப் போகாதுங்களா?” என்று கேட்டாள். எங்கள் தெருவில் இருவரும் தறியில்தான் இருப்பார்கள். அவளுக்கு அந்த வீடு புரியவில்லை.

இதைவிட எனக்கு வலிக்கிறது நிறம். கெட்டவனைக் கறுப்பாக வரைவது, “சிவப்பாக, அழகாக இருந்தாள்” என்று எழுதுவது. எழுதியவர் ஒருவேளை நினைக்காமலேகூட எழுதியிருக்கலாம், ஆனால் பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொள்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படி இருந்தால் எத்தனை நல்ல கதையானாலும் மதிப்புரையில் அதை எழுதியே ஆக வேண்டும்.

ஜூலை 22

நடுவயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்பது முதல் பதின்மூன்று வரை, தமிழில் ஒன்றுமே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. சாகித்திய அகாதெமி 2010இலிருந்து சிறார் இலக்கியத்துக்குத் தனியாக பால சாகித்திய புரஸ்கார் கொடுத்துவருகிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு தொடங்கலாம். விருது வாங்கியதாலேயே உங்கள் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று இல்லை, ஆனால் தேடுகிற இடம் குறையும்.

2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைக் களமாக வைத்த நாவல். இதைத் திண்ணையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். ஏழாவது படிக்கிற பையன், “நம்ம கொடுமணலும் இதே மாதிரிதானுங்களே?” என்றான். எனக்கு அந்தக் கேள்விதான் அந்தப் புத்தகத்தின் மதிப்புரை. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது, நம் ஈரோடு மாவட்டத்திலேயே. கல்மணி செய்த இடம், இரும்பு உருக்கிய இடம், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்த இடம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். பையனுக்கு இது பாடப்புத்தகத்து விஷயமாக இருந்தது. கதை கேட்ட பிறகு வண்டியில் போய்ப் பார்க்கிற தூரத்து விஷயமாகிவிட்டது.

2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் சீண்டலைப் பேசுகிறது. இதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போகக் கூடாது. முதலில் நீங்கள் படியுங்கள், அப்புறம் ஒட்டுக்கா உட்கார்ந்து படியுங்கள், நடுவில் பிள்ளை நிறுத்தினால் நிறுத்துங்கள். இப்படிப்பட்ட புத்தகத்தை ‘பயமுறுத்தும்’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைக்குத்தான் பயம் அதிகம்.

மொழிபெயர்ப்பில் ஜப்பானியப் புத்தகமான ‘டோட்டோ சான்’, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற பள்ளி. ஐந்தாவதுக்கு மேல் தானாகப் படிப்பார்கள். விலையும் கைக்கு அடக்கம்.

ஜூலை 23

மூன்று வயதுக்குக் கீழே? கெட்டி அட்டை, பெரிய படம், எழுத்தே இல்லாவிட்டாலும் நல்லது. கடித்துக் கிழித்தால் திட்டாதீர்கள். அவ்வளவுதான்.

ஜூலை 26

அறிவியல், பொது அறிவுப் புத்தகங்களுக்கு வேறு கண் வேண்டும்.

மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரன் நம் ஊர்க்காரர். பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதியாக முடித்த கையோடு, பிள்ளைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதி கொண்டுவந்தார். 1968 முதல் 1976 வரை வந்தது குழந்தைகள் கலைக்களஞ்சியம். இன்றைக்கு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பொருளைப் பிள்ளைக்கு எப்படி எடுத்துச் சொல்வது, எந்த அளவில் நிறுத்துவது என்பதை அதில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற வாக்கியமாக இல்லாமல் பேசுகிற மாதிரி விளக்கம் போகும்.

ஆனால் தகவலுக்கு அதை நம்ப முடியாது. ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. இதே கண்ணோடு இன்றைய புத்தகத்தையும் பாருங்கள். புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து 2006இல் எடுத்துவிட்டார்கள். போன வருடம் அச்சான சூரியக் குடும்பப் புத்தகத்தில் ஒன்பது கோள் இருந்தால், பழைய புத்தகத்துக்குப் புது அட்டை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே வைத்துவிடுங்கள்.

ஜூலை 28

வட்டாரப் பேச்சு புத்தகத்தில் வரலாமா, பிள்ளை தேர்வில் அப்படியே எழுதிவிடாதா என்று திருப்பூரிலிருந்து ஒரு ஆசிரியை கேட்கிறார். கதை சொல்கிறவர் எழுத்துத் தமிழிலும், கதைக்குள் பேசுகிறவர்கள் பேச்சுத் தமிழிலும் இருந்தால் எனக்குச் சரி. “ஏனுங்க அப்பச்சி, சித்தெ இருங்க” என்று ஒரு பாத்திரம் பேசினால் திண்ணையே திரும்பிப் பார்க்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கதையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் யாரும் தேர்வில் குழம்பி நான் பார்த்ததில்லை. ஆனால் வாத்தியார் நாளிதழ் மாதிரியும், ஏழை மட்டும் கொச்சையாகவும் பேசுகிற புத்தகம் வேண்டாம். பேசினால் எல்லோரும் பேசட்டும்.

ஆகஸ்ட் 1

மதிப்புரை எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு. இங்கே வருகிற பெரும்பாலான மதிப்புரைகள் கதைச் சுருக்கத்தைச் சொல்லி, ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று முடிகின்றன. வாங்கப் போகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. மதிப்புரையைப் பெரியவர் எழுதினாலும் புத்தகத்தைப் படிக்கப் போவது பிள்ளைதான். பிள்ளை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

இப்படி எழுதினால் போதும்: எட்டு வயதுப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன், தானாகப் படிக்கவில்லை. குளத்துப் பக்கம் வந்ததும் புத்தகத்தைப் பிடுங்கிப் படத்தில் மீனை எண்ணினாள். தாத்தா இறக்கிற இடத்தில் பேச்சு நின்றது, அன்றைக்கு அங்கேயே மூடினோம். இரண்டு நாள் கழித்து அவளாகவே எடுத்து வந்தாள். கடைசி இரண்டு பக்கம் அவளுக்குச் சலிப்பு. எழுத்து பெரியது, தாள் வழவழப்பில்லை, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கவில்லை.

இதில் கதையே இல்லை பாருங்கள். ஆனாலும் அந்தப் புத்தகம் என் வீட்டுக்கு வேண்டுமா என்று தெரிந்துவிடுகிறது. சாவு, அடி, சாதிப் பெயர், கேலி இவை வந்தால் எந்த இடத்தில் வருகிறது என்று குறிப்பிடுங்கள். தடுப்பதற்கு இல்லை, பெற்றோர் பக்கத்தில் இருப்பதற்கு.

ஆகஸ்ட் 2

ஒருவர் சொல்கிறார், ஒரு பிள்ளையை வைத்து எழுதினால் அது அந்தப் பிள்ளையின் ருசி மட்டும்தானே என்று. ஆமாம். அதனால்தான் எந்தப் பிள்ளை, எத்தனை வயது, வேறு எதைப் படித்துச் சிரித்தது என்று சேர்த்து எழுதச் சொல்கிறேன். பத்துப் பேர் அப்படி எழுதினால் என் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை அதில் இருக்கும்.

இன்னொன்று, ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ‘புதுசு படி’ என்று பிடுங்காதீர்கள். கேட்கிற கதை மனப்பாடமான பிறகுதான் விரல் வைத்து எழுத்தைத் தேடத் தொடங்குவார்கள். சொல் முன்பே தெரியும், அது தாளில் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் திண்ணையில் பாதிப் பேர் இப்படித்தான் படிக்க வந்தார்கள்.

ஆகஸ்ட் 5

எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் பிள்ளை பெயரில் உறுப்பினர் அட்டை எடுங்கள். சிறுவர் புத்தகம் பூட்டிய அலமாரியில் இருந்தால், திறந்து கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் நடக்கிறது. பிள்ளையின் கை எட்டாத தட்டில் இருக்கிற புத்தகம் பிள்ளைப் புத்தகம் இல்லை.

ஆகஸ்ட் 10

பெருந்துறைத் தம்பி திருவிழாவுக்குப் போய்வந்து எழுதியிருக்கிறார். இந்தத் தடவை பிள்ளைகளையும் கூட்டிப் போயிருக்கிறார். மகள் கடையிலேயே தரையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இரண்டு முறை பார்த்தாளாம், வாங்கிவிட்டார். மகன் பாம்புப் புத்தகமும் ஒரு காமிக்ஸும் எடுத்தானாம். “வேற நல்ல புத்தகம் எடுடான்னு சொல்ல வாய் வந்துதுங்க, அடக்கிட்டேன்” என்கிறார்.

அடக்கியது நல்லது. பாம்புப் புத்தகத்தில் நஞ்சுள்ளவை என்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் வந்திருக்கிறதா, கடித்தால் கத்தியால் கீறச் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். கீறச் சொன்னாலோ வாயால் உறிஞ்சச் சொன்னாலோ அந்தப் பக்கத்தை மகனோடு உட்கார்ந்து, இது தப்பு, உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பேசிவிடுங்கள். காட்டுப் பக்கம் வீடு என்றும் இந்தத் தடவை எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதனால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 11

பள்ளி ஆண்டு விழாப் பரிசுக்கு மொத்தமாகப் புத்தகம் வாங்க ஒருவர் பட்டியல் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே புத்தகம் வேண்டாமுங்க. அதே தொகைக்கு வேறு வேறு புத்தகமாக வாங்கி, மேடைக்கு முன்னால் ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். பெயர் கூப்பிட்டதும் பிள்ளை வந்து தானே ஒன்றை எடுக்கட்டும். சித்தெ நேரம் ஆகும், தலைமை விருந்தினரிடம் முன்பே சொல்லிவையுங்கள். எந்த வகுப்புக்கு எத்தனை பேர் என்று எழுதினால், மேசையில் என்னென்ன வைக்கலாம் என்று நாளைக்கு எழுதுகிறேன்.